நான்கு கட்டங்களில் முனிராஜ்

தொண்ணூற்றாறாம் வருஷம் எங்கள் கழகத்துக்கு இருந்த ஒரே பலவீனம் நான்தான். நானாகப் பெருமைக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. மேனேஜிங் டைரக்டர் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, ஸ்பைரல் பைண்டிங் செய்து, அரசாங்கத்துக்கே அனுப்பி வைத்தார்கள். முனிராஜ் என்று பெயரும் போட்டிருந்தது. ஸ்பெல்லிங்கூடச் சரியாக இருந்தது; என் ரேஷன் கார்டில்கூட அது சரியாக இருந்ததில்லை.

கழகம் என்றதும் யாரும் கொடியைத் தேட வேண்டாம். இது கட்சி இல்லை. பையப்பனஹள்ளி ரயில்பாதை ஓரத்தில் இருந்த மாநிலத் தீயணைப்பு வாளிக் கழகம். அரசாங்க ஆபீஸ்களில் சுவரோரமாகச் சிவப்புப் பெயின்ட் அடித்து, மணல் நிரப்பி வரிசையாகத் தொங்குமே, ஜனங்கள் வெற்றிலை எச்சில் துப்புவதற்கு, அந்த வாளிதான் எங்கள் சரக்கு. அதன் அடிப்பாகம் தட்டையாக இருக்காது, உருண்டையாக இருக்கும். கீழே வைத்தால் சாய்ந்து உருளும். எவனும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீர் பிடித்து வைக்கக் கூடாது என்பதற்காக வெள்ளைக்காரன் காலத்தில் யாரோ யோசித்துச் செய்த வடிவம். அதை அப்படியே வைத்திருந்தோம்.

நான் பெயின்ட் செக்ஷன். வாளியைக் கொக்கியில் மாட்டிச் சிவப்புப் பெயின்ட் தொட்டியில் முக்க வேண்டும், எடுக்க வேண்டும், காயப் போட வேண்டும். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஒரே ஒரு ஜன்னல் இருந்தது. பெயின்டில் தூசி விழுகிறது என்று அதையும் ஆணி அடித்து மூடிவிட்டார்கள். மனுஷன் மூச்சில் என்ன விழுகிறது என்று யாரும் கவலைப்படவில்லை. பெயின்டில் கலக்குகிற தின்னர் நாற்றம் மூக்கில் ஏறி மண்டையில் குடித்தனம் வைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தால் சோறும் தின்னராக மணக்கும். சின்னத்தாயி, என் வீட்டுக்காரி, குழம்பில் உப்பு இருக்கிறதா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அப்புறம் இருமல் வந்தது. வந்தது போகவில்லை. நெஞ்சு ஆஸ்பத்திரி டாக்டர் முதுகில் கருவியை வைத்துக் கேட்டுவிட்டு, மாத்திரை மருந்தெல்லாம் அப்புறம், முதலில் அந்தத் தொட்டியை விட்டு வெளியே வா, இல்லாவிட்டால் நுரையீரல் தாங்காது என்றார். வேலையை விட்டுவிட்டு, நாங்கள் குடியிருந்த ஜீவனஹள்ளியில் யார் வீட்டு வாசலில் போய் நிற்பது? ஆனால் அதற்கு அவசியமே இல்லை. எங்கள் பக்கத்து ஷெட்டிலேயே ஹேண்டில் செக்ஷன் இருந்தது. கம்பியை வளைத்து வாளிக்குப் பிடி மாட்டுகிற இடம். மூன்று பக்கமும் திறந்த ஷெட், ரயில் போனால் காற்று பிய்த்துக்கொண்டு வரும். ஆளும் அங்கே குறைவு. என்னை அங்கே மாற்றினால் பிழைத்துக்கொள்வேன். நான் கேட்டது அவ்வளவுதான், பிரமோஷன் கேட்கவில்லை, கார் கேட்கவில்லை.

மாற்றல் போட வேண்டியவர் பர்சனல் ஆபீசர் ஓஸ்வால்ட் சார். ரிச்சர்ட்ஸ் டவுன் குடும்பம், ஞாயிற்றுக்கிழமை கோட்டுப் போட்டுக் கோயிலுக்குப் போகிறவர், தங்கமான மனுஷன். யாரிடமும் முடியாது என்று சொன்னதே இல்லை. முடியும் என்றும் சொன்னதில்லை. எக்ஸ்ரே எடுத்து வந்தால் அப்ளிகேஷனோடு சேர்த்து மேலே அனுப்பிவிடலாம் என்று சொன்னார். நானும் ஒரு வியாழக்கிழமை லீவு சொல்லிவிட்டு எக்ஸ்ரே எடுக்கப் போனேன். நாசமாய்ப் போன அந்த வியாழக்கிழமைதான் கழகத்தில் ஸ்வாட் நடந்தது.

ஸ்வாட் என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. இன்றைக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஒரு பெரிய காகிதத்தில் சிலுவை மாதிரிக் கோடு போட்டால் நாலு கட்டம் வரும். ஒன்றில் நிறுவனத்தின் பலம், ஒன்றில் பலவீனம், ஒன்றில் வாய்ப்பு, ஒன்றில் வெளியிலிருந்து வரும் ஆபத்து. நாலையும் நிரப்பினால் நிறுவனம் முன்னுக்கு வந்துவிடும். டெல்லியில் கதவைத் திறந்துவிட்டாயிற்று, வெளிநாட்டுக் கம்பெனிகள் வரப்போகின்றன, எல்லாக் கழகங்களும் ஐந்து வருஷத் திட்டத்தோடு ஸ்வாட் அனுப்ப வேண்டும், ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் திருப்பி அனுப்பப்படும் என்று இலாகாவிலிருந்து சுற்றறிக்கை வந்திருந்தது. வெளிநாட்டுக்காரன் எவனாவது உருண்டை வாளி செய்ய பெங்களூருக்கு வருவானா என்று யாரும் கேட்கவில்லை.

எங்கள் எம்.டி. கஸ்தூரிரங்கன் சார் மைசூர் மகாராஜா காலத்திலிருந்தே சர்க்கார் உத்தியோகம் பார்த்த குடும்பம். சுற்றறிக்கை என்றால் எழுந்து நின்று படிப்பவர். உடனே அபினவ் என்ற கன்சல்டன்டை வரவழைத்தார். எம்.பி.ஏ. முடித்துக் கழுத்தில் டையோடு வந்த பையன், இங்கிலீஷிலேயே தும்முவான். மீட்டிங் ஹாலில் பேனர் கட்டி, குத்துவிளக்கு ஏற்றி, செக்ஷனுக்கு ஓர் ஆள் என்று உட்கார வைத்து, ஒவ்வொரு நாற்காலி முன்னாலும் பெயர் அட்டை வைத்தார்கள். பெயின்ட் செக்ஷன் அட்டையில் என் பெயர் இருந்தது. எனக்குச் சொல்லத்தான் மறந்துவிட்டார்கள்.

அங்கே நடந்ததைப் பிற்பாடு ஆளாளுக்குச் சொன்னார்கள். பலம் என்ற கட்டம் நிமிஷத்தில் நிரம்பியதாம். எம்.டி.யின் தலைமை, எம்.டி.யின் தொலைநோக்கு, எம்.டி.யின் எளிமை. இடம் போதாமல் இன்னொரு காகிதம் ஒட்டினார்களாம். அடுத்தது பலவீனம். ஹாலில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டதாம். அக்கவுன்ட்ஸ் கணேசமூர்த்தி தைரியமாக எழுந்து, பர்ச்சேஸில் தாமதம் என்று ஆரம்பித்திருக்கிறார். பர்ச்சேஸ்காரர் திரும்பிப் பார்த்ததும், தாமதம் நல்லதுக்குத்தான் என்று முடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். டீ வந்தது, போனது. கட்டத்தைக் காலியாக விட முடியாது என்று அபினவ் கெஞ்சினான். பக்கத்து அறையில் பிஸிபேளாபாத் ஆறிக்கொண்டிருந்தது, அதன் வாசனை வேறு ஹாலுக்குள் வந்துகொண்டிருந்தது.

எங்கள் கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. மீட்டிங்குக்கு யார் வரவில்லையோ அவர் தலையில் கட்டிவிடுவது. ஆயுத பூஜை வசூலா, வராதவன் பொறுப்பு. ஸ்பேனர் தொலைந்ததா, வராதவன் தொலைத்தான். இதற்குப் பயந்தே ஜுரத்தோடு கம்பளி போர்த்திக்கொண்டு மீட்டிங்குக்கு வந்தவர்கள் உண்டு. கணேசமூர்த்தியின் கண் அந்த ஹாலில் இருந்த ஒரே காலி நாற்காலி மேல் விழுந்தது. முன்னால் பெயர் அட்டை. அவர் விரலை மட்டும் நீட்டினாராம். எல்லாக் கையும் தூக்கியாயிற்று.

அபினவ் முதலில் தயங்கியிருக்கிறான், ஒரு ஆளையே பலவீனமாகப் போடலாமா என்று. அப்புறம் அவனுக்கே பிடித்துப்போய்விட்டது. மற்ற கம்பெனிகளில் பலவீனம் கேட்டால் ஒருங்கிணைப்பு இல்லை, ஊக்கம் இல்லை என்று மழுப்புவார்களாம். இவ்வளவு துல்லியமாக, செக்ஷனோடு, டோக்கன் நம்பரோடு ஒரு பலவீனத்தை அவன் பார்த்ததே இல்லையாம். எல்லோரும் கை தட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

மறுநாள் நான் எக்ஸ்ரே கவரோடு உள்ளே வந்தால் கேட் பக்கத்தில் சார்ட் மாட்டியிருந்தது. வாட்ச்மேன் எழுந்து சல்யூட் அடித்தான். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அவன் எனக்கு எழுந்ததில்லை.

நேராக ஓஸ்வால்ட் சாரிடம் போனேன். அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். கையெழுத்துப் போட இடம் தேடுகிறார் என்று நினைத்தேன்.

"உன் பேப்பர்ஸ் எல்லாம் கரெக்டா இருக்கு மேன்" என்றார். "ஆனா இப்ப நான் உன்னைத் தொட முடியாது. பிளான்ல எப்படிப் போட்டிருக்கான் பாரு. முனிராஜ், பெயின்ட் செக்ஷன். உன்னை ஹேண்டிலுக்கு மாத்தினா, பிளான் ஒரு எடத்துல இருக்கும், வீக்னஸ் வேற எடத்துல இருக்கும். ஆடிட்ல என்னைக் கேப்பான். ஃபைவ் இயர் மேன், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

அஞ்சு வருஷம் என் நெஞ்சு அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளுமா என்று யாரிடம் கேட்பது? எம்.டி.யிடமே கேட்டேன். அவர் என்னை உட்காரச் சொன்னார். உட்காரச் சொல்கிற அளவுக்கு என் அந்தஸ்து உயர்ந்திருந்தது.

"முனிராஜ், இதைப் பர்சனலா எடுத்துக்கப்படாது" என்றார். குரலில் அவ்வளவு கனிவு. "வீக்னஸ் இல்லாத மனுஷன் உண்டோ? எனக்கும்தான் இருக்கு. பத்து ஃபைல் வந்தா ஒண்ணுதான் பார்க்கறேன், யார் கடைசியா வந்து பேசறானோ அவன் சொல்றதைக் கேட்டுடறேன். ஆனா நான் மீட்டிங்குக்கு வந்துடறேன், பார்த்தியோ? அதுதான் வித்தியாசம்."

கடைசியாகப் பேசியது நான்தானே, என் பேச்சைக் கேட்பார் என்று ஒரு நம்பிக்கையோடு வெளியே வந்தேன். எனக்குப் பின்னால் கணேசமூர்த்தி உள்ளே போனார்.

சின்னத்தாயி சும்மா விடுகிறவள் இல்லை. யூனியன்காரனைப் பாரு, மாசா மாசம் சந்தா வாங்கி எதுக்குத் தின்றான் என்று விரட்டினாள். எங்கள் யூனியன் செக்ரட்டரி நாணு. வாயைத் திறந்தால் பாதி கன்னடம், பாதி தமிழ், கோபம் மட்டும் முழுசாக இருக்கும். என் கதையைக் கேட்டு மேஜையைத் தட்டினான். ஒரு தொழிலாளியைப் பலவீனம் என்று போட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம்தான் மீதியைச் சொன்னான். பலவீனமாக இருப்பது கூடுதல் பொறுப்பு. அதற்கு வீக்னஸ் அலவன்ஸ் கேட்டுப் போராடப் போகிறார்கள்.

"எனக்கு அலவன்ஸ் வேணாம்பா. ஹேண்டில் செக்ஷன் போதும்."

"பேடா, அந்தப் பேச்சே எடுக்காதே. நீ இப்ப எடம் மாறிட்டா நம்ம கேஸே போச்சு. டிமாண்ட் செட்டில் ஆகற வரைக்கும் தொட்டிய விட்டு நகராதே, ஆய்த்தா?"

அதோடு போச்சா? அலவன்ஸ் வரப்போகிறது என்று தெரிந்ததும் சீனியர்கள் முறைக்க ஆரம்பித்தார்கள். வெல்டிங் ரங்கநாதன் என்னை வழியில் நிறுத்தி, உனக்கு முன்னாடி சேர்ந்தவன் நான், என்னைத் தாண்டி நீ எப்படிப் பலவீனமாகலாம் என்று கேட்டான். நான் வேண்டுமென்றா ஆனேன்? எடுத்துக்கோ மகராசா என்று சொன்னேன். சீனியாரிட்டிப்படி பலவீனம் தர வேண்டும் என்று அவன் மனுக் கொடுத்தான். அந்த மனுவால் என் கேஸ் இன்னும் சிக்கலாகி, விசாரணை முடியும்வரை பெயின்ட் செக்ஷனில் யாரையும் மாற்றக் கூடாது என்று ஆர்டர் போட்டுவிட்டார்கள். ஒரே பேஜார்.

மறு வருஷம் அபினவ் திரும்ப வந்தான், டை மாறியிருந்தது. போன வருஷத்துப் பலவீனம் இன்னும் அப்படியே இருக்கக் கண்டு வருத்தப்பட்டான். புத்தகத்தில், பலவீனம் ஒவ்வொன்றும் ஒரு வாய்ப்பு என்று போட்டிருக்கிறதாம். மார்க்கர் பேனாவால் என்னை அடித்துவிட்டு அடுத்த கட்டத்தில் எழுதினான். வாய்ப்பு: முனிராஜ். வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்ள என்னைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். கனகபுரா ரோட்டில் ஒரு தோப்பு நடுவே பயிற்சி நிலையம். காலையில் எல்லோரும் வட்டமாக நின்று வானத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு, என்னால் முடியும் என்று சொல்ல வேண்டும். மத்தியானம் பலூன் ஊதிப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்க வேண்டும். என்னால் ஊத முடியவில்லை. பக்கத்தில் இருந்த சில்க் போர்டு குமாஸ்தா எனக்கும் சேர்த்து ஊதினார்.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்தத் தோப்பில் இருந்தபோது இரண்டாம் நாளே இருமல் தணிந்தது. சாம்பாரில் பெருங்காயம் மணத்தது. எவ்வளவு காலம் கழித்து! நான் இலையைக் குனிந்து குனிந்து மோந்து பார்த்துச் சாப்பிட்டேன், பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ. சாயங்காலம் மாமரத்தடியில் உட்கார்ந்து மூச்சை இழுத்து இழுத்து விட்டேன், அழுகை வந்தது. மூச்சு விடுவதற்குச் சந்தோஷப்படுகிற நிலைக்கு ஒரு மனுஷனைக் கொண்டுவந்துவிட்டார்களே என்று ஆத்திரமும் வந்தது.

பயிற்சி நிலையம் எனக்கு நல்ல சர்டிஃபிகேட் கொடுத்தது. இவர் மனப்பான்மையில் வியக்கத்தக்க முன்னேற்றம், முகத்தில் தெளிவு, இருமல்கூடக் குறைந்திருக்கிறது, இவர் கற்றதைத் தம் சொந்தப் பணியிடத்தில் செயல்படுத்த வேண்டும் என்று எழுதியிருந்தது. ஓஸ்வால்ட் சார் கடைசி வரியில் பென்சிலால் கோடு போட்டுக் காட்டினார். சொந்தப் பணியிடம் என்றால் தொட்டி. திங்கட்கிழமை முக்க ஆரம்பித்தேன்.

அதற்குப் பிறகு எனக்குப் பொறுமை போய்விட்டது. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் ஆபீசுக்குப் போய்ப் புகார் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் வந்தார். அவர் வருவது அவருக்கு முன்பே எங்கள் கழகத்துக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்கு ஜன்னல் ஆணியைப் பிடுங்கினார்கள், ஃபேன் வந்தது, எல்லோருக்கும் மூக்கு முகமூடி வந்தது. இன்ஸ்பெக்டர் திருப்தியாகப் பார்த்துவிட்டுப் போனார். ஸ்டோர்ஸிலிருந்து வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு முகமூடிகளைத் திரும்ப எடுத்துப் போனார்கள். ஜன்னலுக்குப் புது ஆணி அடித்தார்கள்.

சார்ட்டில் எனக்கு மூன்றாவது கட்டம் கிடைத்தது. ஆபத்து: முனிராஜ். இதில் ஒரு சின்னச் சிக்கல் என்று அபினவ் சொன்னான். சாஸ்திரப்படி ஆபத்து என்பது நிறுவனத்துக்கு வெளியில்தான் இருக்கும். உள்ளே இருந்தால் அது ஆபத்து ஆகாது. அதனால் என்னை வெளியில் வைத்தார்கள். டிஸ்மிஸ் செய்யவில்லை, அப்படிச் செய்தால் யூனியன் கத்தும். காலையில் கேட்டில் நான் விசிட்டர் ரிஜிஸ்டரில் எழுதிவிட்டு உள்ளே போக வேண்டும், அவ்வளவுதான். பெயர், ஊர், வந்த காரியம், யாரைப் பார்க்க வேண்டும். யாரைப் பார்க்க வேண்டும் என்ற இடத்தில் பெயின்ட் தொட்டி என்று எழுதினேன். வாட்ச்மேன் சட்டையில் குத்திக்கொள்ள அட்டை கொடுப்பான், சாயங்காலம் தொட்டியிடம் கையெழுத்து வாங்கி வந்தாயா என்று கேட்பான். சல்யூட் நின்றுபோயிருந்தது.

விசிட்டராக இருப்பவருக்கு மாற்றல் கேட்க உரிமை இல்லை என்று ஓஸ்வால்ட் சார் விளக்கினார். வருத்தமாகத்தான் விளக்கினார், பாவம்.

இருமல் இப்போது ராத்திரியையும் எடுத்துக்கொண்டது. படுத்தால் மூச்சு முட்டும், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவேன். சின்னத்தாயி ரிச்சர்ட்ஸ் டவுனில் இரண்டு வீட்டில் வேலை செய்துவிட்டு வந்து என் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்த வேலையைத் தூக்கிப் போடு, நான் இன்னும் ரெண்டு வீடு பிடிக்கிறேன் என்பாள். அவள் முட்டி வீங்கிக் கிடப்பது எனக்குத் தெரியாதா? கொஞ்சம் பொறு, மாற்றல் வந்துவிடும் என்று சொல்லிச் சொல்லியே அவளை உட்கார வைத்தேன்.

இந்த நேரத்தில்தான் இலாகா செக்ரட்டரி கழகத்தைப் பார்வையிட வருகிறார் என்று சேதி வந்தது. திட்டத்தால் என்ன முன்னேற்றம் என்று கேட்பார். காட்டுவதற்கு எங்களிடம் வாளியைத் தவிர ஒன்றுமில்லை, அதையும் வாங்க ஆளில்லை. அபினவ் ராத்திரியெல்லாம் யோசித்து, பலவீனத்தைப் பலமாக மாற்றிய கழகம் என்று பேனர் எழுதச் சொன்னான். நாலாவது கட்டம் ஒன்றுதானே பாக்கி? எம்.டி.யின் எளிமைக்குக் கீழே என் பெயரை எழுதினார்கள்.

விழா அன்றைக்கு என்னை மேடையில் ஏற்றி, தலையில் மைசூர் பேட்டாத் தலைப்பாகை வைத்து, சால்வை போர்த்தி, சந்தன மாலை போட்டார்கள். மாலையில் சந்தனம் மணக்கிறது என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். கஸ்தூரிரங்கன் சார் மைக்கைப் பிடித்தார்.

"இவரைப் பாருங்கோ. இத்தனை வருஷமா ஒரே செக்ஷன், ஒரே தொட்டி. மாத்தணும்னு எத்தனையோ தடவை மனுக் கொடுத்தார். நாங்க அசைஞ்சு கொடுக்கலை. ஏன்னா இவருக்குள்ளே ஒரு பலம் இருக்குன்னு எங்களுக்குத் தெரியும். டாக்டரே தாங்காதுன்னு சொன்ன எடத்துல இவர் இன்னும் நின்னுண்டிருக்கார். இதுதான் சார் எங்க ஆர்கனைசேஷனோட வெல்ஃபேர் பாலிசி."

கைதட்டல். செக்ரட்டரி நெகிழ்ந்துபோய், முனிராஜ் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றார். மைக்கை என் வாயருகே வைத்தார்கள். முதலில் இருமல்தான் வந்தது, ஸ்பீக்கரில் அது ரயில்பாதை வரைக்கும் கேட்டிருக்கும். உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று யாரோ சொல்ல, அதற்கும் கை தட்டினார்கள். மூச்சு வந்ததும் சொன்னேன்.

"என்னை ஹேண்டில் செக்ஷனுக்கு மாத்துங்க சார். நான் செத்துப்போயிடுவேன்."

செக்ரட்டரி எம்.டி.யைப் பார்த்தார், இவ்வளவுதானா, உடனே செய்யுங்கள், இன்றைக்கே ஆர்டர் கொடுங்கள் என்றார். எம்.டி. உடனே தலையாட்டினார், கடைசியாகப் பேசியது செக்ரட்டரிதானே. ஓஸ்வால்ட் சார் ஓடிப்போய் ஆர்டரை டைப் அடித்து வாங்கி வந்து மேடையிலேயே என் கையில் கொடுத்து, கையைக் குலுக்கினார். அவர் கண்ணிலும் தண்ணீர் இருந்தது. மனுஷன் முதல் தடவையாக முடியும் என்று ஒரு காரியம் செய்திருக்கிறார். நான் பேட்டாவோடேயே வீட்டுக்கு ஓடினேன். சின்னத்தாயி ஆர்டரை வாங்கிச் சாமி படத்தடியில் வைத்தாள். கேசரி கிண்டித் தெரு முழுக்கக் கொடுத்தாள். எங்க வீட்டுக்காரருக்கு மாத்தல் ஆயிடுச்சு என்று கேட்காதவர்களுக்கும் சொன்னாள். அவள் சிரித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

மறுநாள் ஆர்டரோடு ஹேண்டில் செக்ஷனுக்குப் போனேன். ஷெட் இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. கம்பி வளைக்கிற மெஷின் இருந்த இடத்தில் நாலு போல்ட் மட்டும் தரையில் நீட்டிக்கொண்டிருந்தது. ஸ்வாட்டில் வாய்ப்பு என்ற கட்டத்தில் எனக்கு மேல் வரியில், பிடிகளை வெளியில் வாங்கலாம் என்று எழுதியிருந்தார்களாம். அதன்படி போன மாசமே மெஷினைப் பீன்யாவில் ஒரு பார்ட்டிக்கு விற்று, ஆட்களுக்கு வி.ஆர்.எஸ். கொடுத்து அனுப்பிவிட்டார்கள். விசிட்டர் அட்டை குத்திக்கொண்டு, ஆணி அடித்த ஜன்னலுக்குள் தொட்டியோடு கிடந்த எனக்கு யார் வந்து சொல்வார்கள்?

ஓஸ்வால்ட் சார் தலையைப் பிடித்துக்கொண்டார்; செக்ரட்டரி சொன்ன பரபரப்பில் செக்ஷனை மூடியது அவருக்கு நினைவுக்கே வரவில்லையாம். ஆர்டரை ரத்து செய்ய முடியாது, செக்ரட்டரி வாயால் சொன்னது. இல்லாத செக்ஷனில் ஆளுக்கு வேலை கொடுக்காமல் சம்பளம் தரவும் முடியாது. கடைசியில் வழி கண்டுபிடித்தார்கள். நான் ஹேண்டில் செக்ஷன் ஊழியர்தான். காலையில் அந்தக் காலி ஷெட்டில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். அங்கே வேலை இல்லாத காரணத்தால், டெபுடேஷனில் பெயின்ட் செக்ஷனுக்குப் போக வேண்டும். இனிமேல் மாற்றல் வேண்டுமென்றால் ஹேண்டில் செக்ஷன் தலைவர் வழியாக எழுத வேண்டும். அந்தத் தலைவர் வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு ஈஜிபுராவில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். போய்க் கேட்டேன். பாவமாகப் பார்த்துவிட்டு, என் அப்ளிகேஷனை இலவசமாக ஒரு காப்பி எடுத்துக் கொடுத்தார்.

இதையெல்லாம் சின்னத்தாயியிடம் எப்படிச் சொல்வது? தெரு முழுக்கக் கேசரி கொடுத்தவள். நான் சொல்லவில்லை. சாயங்காலம் கழகத்துக் குழாயிலேயே மண்ணெண்ணெய் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவி, வேறு சட்டை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். இருமல் எப்படி இருக்கு என்று கேட்டால், பரவாயில்லை, அங்கே நல்ல காற்று என்றேன். பழைய பெயின்ட் உடம்பை விட்டு வெளியே வர நாளாகும் போலிருக்கு என்று அவளே எனக்காகச் சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

சில மாசம் கழித்து ஒரு நாள் துணி துவைக்கும்போது என் கால்சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தாள். அதை விரித்துப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"ஹேண்டில் செக்ஷன்ல ஏதுய்யா செவப்பு?"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். ஹேண்டில் செக்ஷன் இல்லை, மெஷின் இல்லை, நான் இன்னும் அதே தொட்டியில்தான் நிற்கிறேன், அது பெயின்ட் என்று சொன்னேன். அவள் திட்டினாள். பொய் சொன்னதற்கு என்னையும், பேட்டா வைத்தவனையும், டை கட்டியவனையும், நல்ல மனுஷன் என்று நான் சொன்ன ஓஸ்வால்ட் சாரையும், தொண்டை கட்டுகிற வரைக்கும் திட்டினாள். எனக்கு அது ஆறுதலாக இருந்தது. பெயின்ட் கறை சும்மா போகாது, கிருஷ்ணாயில் போட்டுத் தேய்க்கணும் என்று பாட்டிலை எடுக்கப் போனாள். நீ உட்காரு, முட்டி வலிக்கும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கைக்குட்டையை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு குழாயடிக்குப் போனேன்.

பச்சைத் தண்ணீரிலேயே போய்விட்டது. கழகத்துக்குப் பெயின்ட் சப்ளை நின்று ஒரு மாசம் ஆகியிருந்தது.